1965 இம்பாலா டிக்கியில் தண்ணீர்: முதலில் பின்கண்ணாடியைப் பாருங்கள்

உங்கள் ஷெவர்லே இம்பாலா காரின் டிக்கி தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, புதுத் தகடு வாங்கி வெல்டிங் செய்யப் போகிறேன் என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மழை பெய்தால் உள்ளே தண்ணீர் தேங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், டிக்கி மூடியைச் சுற்றியுள்ள ரப்பர்தான் காரணம் என்று ஏன் முடிவு கட்டினீர்கள்? அந்தக் கால ஷெவர்லேக்களில் அடிக்கடி மாட்டுவது பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு: பளபளக்கும் உலோகப் பட்டைக்கு அடியில் ஈரமும் மண்ணும் தங்கி, கிளிப்புகளைச் சுற்றித் துரு அரித்து, தண்ணீர் நேராக டிக்கிக்குள் இறங்கும். பின்சீட்டைக் கழற்றி டார்ச்சோடு உட்காருங்கள், வெளியே ஒருவர் ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டால் தெரிந்துவிடும். ஒழுகினால் கண்ணாடியை எடுத்து அதைச் சரிசெய்த பிறகுதான் தரை.

அப்புறம், தரையை வெட்டும் முன் பாடி மவுண்ட் ரப்பர்களையும் (பாடிக்கும் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் நடுவே இருப்பவை) பாருங்கள். சேஸிஸ் மேல் தனியாக பாடி உட்கார்ந்த வண்டி இது, ரப்பர் நசுங்கிப் பாடி தொய்ந்த நிலையில் வெல்டு வைத்தால் டிக்கி மூடியின் இடைவெளி கோணலாகவே நின்றுவிடும். தகடுகள் புதிதாகவே கிடைக்கின்றன, அந்த வருடம் 10 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டியாயிற்றே.

பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் இன்னும் பழைய ஒற்றை வகை என்றால், 1967 மாடலில் வந்த, முன் பின் சக்கரங்களுக்குத் தனித்தனியாகத் தள்ளும் இரட்டை வகைக்கு மாற்றிவிடுங்கள். அசல் போய்விடும் என்று சிலர் முணுமுணுப்பார்கள், ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போகிற வண்டியில் குடும்பத்தை ஏற்ற எனக்கு மனசு வராது.