ஏற்றத்தில் திணறும் 2016 பிக்கப்: வாங்கலாமா?

நண்பரே, 2016 போலேரோ பிக்கப், ஏற்றத்தில் இழுவை குறைவு, கரும்புகை வருகிறது, ஓனர் "ஃபில்டர் மாற்றினால் போதும்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

காலையில் போங்கள். முதல் நாளே சொல்லி, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரில் ஆயில் மிதக்கிறதா என்று பாருங்கள்.

கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை, அல்லது இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) டீசலை அதிகமாக ஊற்றுகிறது. ஏர் ஃபில்டர், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) ஹோஸில் வெடிப்பு, தளர்ந்த கிளாம்ப், இஜிஆர் வால்வில் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வு) கரி என்ற வரிசையில் பாருங்கள். இவை செலவு குறைந்தவை. இன்ஜெக்டர், டர்போவிலேயே கோளாறு என்றால் விலையில் கணிசமாகக் குறைக்க வேண்டும்.

அடுத்து ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். லேசான ஆவி பரவாயில்லை. புகை குபுகுபுவென்று தள்ளினால் இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங், அது உரசும் லைனர் தேய்ந்திருக்கலாம்; அந்த வண்டி வேண்டாம்.

மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வண்டியின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இழுவைக் குறைவுக்கு இதுவும் காரணமாகலாம்.

கீழே படுத்து, பட்டை (லீஃப் ஸ்பிரிங்) பிடிக்கும் பிராக்கெட் அருகே சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைப் பாருங்கள். அங்கே மட்டும் புது பெயிண்ட் இருந்தால் வெல்டிங்கை மறைத்திருக்கலாம்.

எஃப்சி (தகுதிச் சான்று) தேதி, கடன் நிலுவை, ஆர்சியில் உள்ள சேஸிஸ் நம்பர் மூன்றையும் சரிபார்த்த பிறகே பணம்.