தேன் போத்தலோடு வந்தவர்

வணக்கம் ஐயா,

எங்களுக்கு மட்டக்களப்புப் பக்கம் குருமண்வெளி. நான் இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். மாசி மாதம் என் மாமா, அம்மாவின் தம்பி, காலமாகிவிட்டார். கலியாணம் செய்யாமல் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடுவோம் என்றார்கள். எழுதுவது என் பொறுப்பாயிற்று. கொடை வள்ளல், பரோபகாரி, சமூக சேவகர் என்றெல்லாம் எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “இது ஆரு பிள்ளை?” என்று கேட்டார். மலர் அப்படியே நின்றுவிட்டது.

மாமா ஓரிடத்தில் இருக்கமாட்டார். கதிர்காமத்துக்குப் பல தடவை நடந்தவர். சவுதியில் நான்கு வருடம் லொறி ஓட்டினார். திரும்பி வந்து சைக்கிளிலேயே மன்னார் வரை போனார். ஊரில் அவருக்குப் பெயர் ‘ஊர்சுத்தி’. கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார். என் படிப்புக்கென்று அம்மா சேர்த்த காசையும் ஒருமுறை யாருக்கோ தூக்கிக் கொடுத்தார். இதையெல்லாம் எழுதலாமா? எட்டாம் நாள் பாணமையிலிருந்து ஒரு வயதான சிங்களவர் வந்தார். எங்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. மாமாவின் படத்துக்கு முன்னால் ஒரு போத்தல் தேனை வைத்தார். “சாமி நல்ல மனிசன்” என்று தமிழில் சொன்னார். சாப்பிடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார். இப்படி ஒருவரை எப்படி எழுதுவது ஐயா?

(பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மலர் முப்பத்தொன்றுக்கு வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். ஒரு வருடம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது.

நம் பக்கத்து நினைவு மலர்கள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. சிவபுராணம், தேவாரம், திதி வெண்பா, வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் நன்றி நவிலல். பாட்டுப் பக்கங்களுக்காக அவற்றைச் சாமி அறையில் வைத்திருப்போம். வாழ்க்கைக் குறிப்பை இரண்டாம் முறை வாசிக்கிறவர் குறைவு. ஒருவருடைய குறிப்பில் இன்னொருவர் பெயரைப் போட்டாலும் பொருந்திவிடும். எனக்கு அது எப்போதும் வேதனைதான். உங்கள் அம்மா கேட்ட கேள்வியை அந்த மலர்களைப் பார்த்து எல்லா வீட்டிலும் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

கொடை வள்ளல் என்ற சொல்லில் பிழை இல்லை. ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் வாங்கியவர். பழந்தமிழில் இதற்கென்றே ஒரு பாட்டு வகை இருந்தது: ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். ஒரு வள்ளலிடம் பரிசு வாங்கித் திரும்புகிற பாணனோ கூத்தனோ வழியில் பசியோடு வருகிற இன்னொருவனைக் காண்கிறான். இப்படிப் போ, இந்த நிலத்தில் இன்ன சனங்கள், அவர்கள் வீட்டில் இன்ன சோறு கிடைக்கும் என்று வழி முழுவதையும் சொல்லிக்கொண்டே பேச்சை வள்ளலிடம் கொண்டுவந்து சேர்க்கிறான். பயணமும் கொடையும் அங்கே ஒரே பேச்சாகத்தான் வருகின்றன. உங்கள் மாமாவுக்கு அதுதான் சரி.

என் பெத்தாவை, பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் வாவிக்கு மேற்கே படுவான்கரைக்காரர், மண்டூர்ப் பக்கம். கதிர்காமக் கொடியேற்றம் நெருங்கினால் வீட்டில் இருப்புக்கொள்ளாது. அரிசியும் மாவும் முடிந்து எடுத்துக்கொண்டு தோணியில் உங்கள் குருமண்வெளிக்கு வந்துவிடுவார். பிறகு தெற்கே நடை. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை. உகந்தை முருகனோடு ஊர்கள் முடிந்துவிடும். அதற்கு அப்பால் குமண, கும்புக்கன் ஓயா, யால காடு, மாணிக்க கங்கை. யானையும் கரடியும் திரிகிற காடு. அந்தக் கோடையில் அதைவிடப் பயம் தண்ணீர் இல்லாமை.

அப்படி ஒரு நடையில் காய்ச்சலில் கிடந்த ஒரு பிள்ளைக்குத் தன் தண்ணீர்க் கலத்தை அப்படியே கொடுத்துவிட்டு, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி அந்தக் கலங்கல் தண்ணியைக் குடித்துக்கொண்டு பெத்தா நடந்திருக்கிறார். அவர் வாயால் இதை நான் கேட்டதே இல்லை. அவர் போய் வெகுகாலம் கழித்து மண்டூர்த் திருவிழாவில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, “நீ அவவின்ட பேரன்தானே மனே?” என்று கேட்டுச் சொன்ன கதை. அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளை அவர்தான்.

காசு விசயத்துக்கு வருகிறேன். கட்டாயம் எழுதுங்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தபோது எங்கள் வளவில் தென்னை ஒன்றும் மிஞ்சவில்லை. அது விதைத்த வயல் இன்னும் பயிராக நிற்கும் காலம். வெட்டு மாசி பங்குனியில்தான். அதுவரைக்கும் வீட்டில் இருந்த நெல்தான் சாப்பாடு. பெத்தா அந்த நெல்லைக் குற்றி, கூரை போன குடும்பங்களுக்கெல்லாம் மூன்று நாள் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். நான்காம் நாள் எங்களுக்கு இல்லை. என் தம்பி அப்போது கைக்குழந்தை. அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. அம்மா அதை மன்னிக்கவே இல்லை. பெத்தாவின் திவசத்துக்கு ஒவ்வொரு வருடமும் விரதம் இருந்து சமைப்பார், சமைத்துக்கொண்டே அந்த நான்காம் நாளைச் சொல்லுவார். இரண்டும் உண்மை. நான் பெத்தாவைப் பற்றி எழுதியபோது அந்தக் கோபத்தை விட்டுவிடச் சொன்னார்கள். நான் விடவில்லை. அந்தக் கஞ்சி எவ்வளவு பெரியது என்று அம்மாவின் கோபத்தை வைத்துத்தான் எனக்கே விளங்கியது.

ஆகவே அந்தக் காசு எவ்வளவு, நீங்கள் அப்போது எத்தனையாம் வகுப்பு, அதனால் எது தவறிப்போனது என்று எழுதுங்கள். அம்மா அன்று தம்பியை என்ன சொல்லி ஏசினார் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள். காசை வாங்கியவர் உயிரோடு இருந்தால் தேடிப் பிடியுங்கள். கூச்சப்படுவார் என்றால் பெயர் வேண்டாம், கதை போதும். ‘ஊர்சுத்தி’ என்ற பெயரையும் எடுக்காதீர்கள். அந்தப் பெயரை நாலு பேர் சொன்னால்தான் வாசலில் அவர் சைக்கிள் வந்து நிற்கும்.

சவுதி, மன்னார் எல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் பாணமை. அந்த மனிதர் உங்கள் மாமாவைப் பெயர் சொல்லாமல் ‘சாமி’ என்றார் பாருங்கள். கதிர்காம நடையில் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். உகந்தைக்குப் போகிற வழியில் பாணமையைத் தாண்டாமல் போகமுடியாது. பாணமையில் சிங்களமும் தமிழும் கலந்த குடும்பங்கள் பழைய காலந்தொட்டு உண்டு, அதனால்தான் அவர் தமிழ் பேசியிருக்கிறார். அவர்கள் இருவருக்கும் நடுவில் அந்த வழியில் ஏதோ நடந்திருக்கிறது. அது மாமாவுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விசயம். ஒருவர் போய்விட்டார்.

கல்முனையில் ஏறினால் பொத்துவில், அங்கிருந்து இன்னொரு பஸ். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தத் தேன் போத்தல் வீட்டில் இருக்கும்தானே, கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் போத்தலாகக் கொண்டுபோகாமல் அம்மாவிடம் சொல்லி எதையாவது நிரப்பிக்கொண்டு போங்கள்.