ஏலத்துக்கு வரும் மலை நிலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வரி பாக்கிக்காக ஏலம் போகும் நிலங்களைப் பற்றி நீலகிரியிலிருந்தும் பழனி மலைப் பகுதியிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி (குன்னூர் வாசகி): எங்கள் தெருவில் ஒரு வீடு பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. சொத்து வரி கட்டவில்லை என்று நகராட்சியிலிருந்து நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பாக்கியை நான் கட்டினால் வீடு எனக்கு வருமா? நகராட்சியே ஏலம் விடுமா?

பதில்: பாக்கியை நீங்கள் கட்டினால் ரசீது வரும், வீடு வராது. அந்த ரசீதும் வரிவிதிப்புப் பதிவேட்டில் உள்ளவர் பெயரில்தான் இருக்கும். வேறொருவர் சொத்துக்கு வரி கட்டிவந்ததை வைத்து எந்த நீதிமன்றத்திலும் உரிமை கேட்க முடியாது. சொத்து வரி ரசீது உரிமைப் பத்திரம் அல்ல என்பதை மலையூர்களில் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கும் வரி போடுவார்கள், மின் இணைப்பும் இருக்கும். அதையெல்லாம் காட்டி விற்பவர்கள் உண்டு.

சொத்து வரி அரையாண்டுக் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, 5,000 ரூபாய் வரை. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். அதற்கும் அசையாதவர்களுக்குக் கேட்பு அறிவிப்பு, குடிநீர் இணைப்புத் துண்டிப்பு, வீட்டுச் சாமான் ஜப்தி, வழக்கு என்று நகராட்சி போகும். நிலத்தையோ கட்டடத்தையோ நகராட்சியே நேரடியாக ஏலத்துக்குக் கொண்டுவருவது அபூர்வம். நகராட்சிக் கடை ஏலத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே ஏலம் எடுப்பவருக்குக் கிடைப்பது குத்தகை மட்டும்.

நிஜமாக நிலம் ஏலம் போவது பெரும்பாலும் வருவாய்த் துறை வழியாகத்தான். நிலவரி, வணிகவரி, அரசுக்குச் செலுத்த வேண்டிய மற்ற பாக்கிகள் ஆகியவற்றை 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டப்படி வசூலிக்கும்போது, தாலுகா அலுவலகமும் கோட்டாட்சியர் அலுவலகமும் ஜப்தி செய்து விற்கும். அந்த வீடு உண்மையிலேயே வேண்டுமென்றால் வில்லங்கச் சான்று போட்டு உரிமையாளர் யார் என்று பாருங்கள். வாரிசுகளைத் தேடிப் பிடித்துக் கிரயம் பேசுவதுதான் நேர் வழி. வரி பாக்கியை விலையில் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி (வில்பட்டி, கொடைக்கானல்): பக்கத்து நிலம் 0.16.0 ஹெக்டேர், வரி பாக்கிக்காகத் தாலுகா அலுவலகத்தில் ஏலம் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. 12 லட்சம் வரை போகத் தயார். கையில் எவ்வளவு வைத்துக்கொண்டு போக வேண்டும்? என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அளவு. 0.16.0 ஹெக்டேர் என்றால் 16 ஏர், அதாவது சுமார் 39.5 சென்ட். சரிவான நிலத்தில் டேப்பைத் தரையோடு தரையாகப் போட்டு இழுத்தால் கணக்கு ஏமாற்றும். சர்வே அளவு கிடைமட்ட அளவு, சங்கிலியை மட்டமாகப் பிடித்து எடுப்பது. 30 டிகிரிச் சரிவில் தரையில் 100 அடி காட்டும் இடம் புலப்படத்தில் (சர்வே வரைபடத்தில்) 86.6 அடிதான். 'பட்டாவில் இருப்பதைவிட நிலம் அதிகமாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால் பாதி நேரம் விஷயம் இதுதான். ஏலத்துக்கு முன்பே புலப்பட நகலோடு போய் எல்லைக் கற்களைப் பாருங்கள். ஏலத்துக்குப் பிறகு எல்லைத் தகராறு வந்தால் அது உங்கள் தலையில்தான் விடியும்.

இனி பணம். ஏலம் உங்கள் பெயரில் முடிந்ததும் அங்கேயே 15 சதவீதம் கட்ட வேண்டும். 12,00,000-க்கு அது 1,80,000. மீதி 10,20,000-ஐ முப்பது நாளுக்குள் கட்டிவிட வேண்டும். கட்டத் தவறினால் 15 சதவீதத்தை இழக்க நேரிடும். அதோடு நிலத்தை மறு ஏலம் விட்டு, முதல் விலையைவிடக் குறைந்து போனால் அந்த வித்தியாசத்தையும் உங்களிடமே வசூலிப்பார்கள். ஏல நிலத்துக்கு முப்பது நாளில் வங்கிக் கடன் வாங்கிவிடலாம் என்று நம்பி இறங்க வேண்டாம். விற்பனை உறுதியாகும் முன்பு உங்களிடம் அடமானம் வைக்கப் பத்திரமே இருக்காது. கடன் நம்பிக்கையில் கை தூக்கி முன்பணத்தை இழப்பதுதான் இந்த ஏலங்களில் அடிக்கடி நடக்கும் தவறு.

முத்திரைத் தீர்வைக்கும் பணம் ஒதுக்குங்கள். கிரயத்துக்கு உள்ள 7 சதவீதத்தையே கணக்கில் எடுத்தால் 84,000, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்றால் 24,000. ஆக, 12 லட்சம் நிலத்துக்கு 13,08,000 தயாராக இருக்க வேண்டும். அளவை, வேலி, வழக்கறிஞர் செலவு தனி.

பார்க்க வேண்டிய காகிதங்களில் முதலாவது ஜப்தி அறிவிப்பும் விற்பனை அறிவிப்பும். என்ன பாக்கி, யார் பெயரில், எந்தப் பிரிவில் என்பதெல்லாம் அதில் இருக்கும். விற்பனை அறிவிப்பு ஏலத்துக்கு ஒரு மாதம் முன்பே ஆட்சியர் அலுவலகம், தாலுகா அலுவலகம், பக்கத்துக் காவல் நிலையம், அந்த நிலம் ஆகிய இடங்களில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். நிலத்தில் ஒட்டியிருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அறிவிப்பில் குறை இருந்தால் அதையே காரணமாக வைத்து ஏலத்தை ரத்து செய்யக் கேட்பார்கள். மழைக்காலத்தில் ஒட்டிய தாள் இரண்டு நாளில் கரைந்துபோன கதையும் வாதமாக வரும்.

அடுத்தது கிராமக் கணக்கு. கிராமத்து நில விவரங்கள் உள்ள ஏ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடு என்ன என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். ஓடை, வண்டிப்பாதை, தீர்வை ஏற்படாத தரிசு, நிபந்தனைப் பட்டா என்று ஏதாவது தென்பட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். பயிர்க் கணக்கான அடங்கலில் யார் பயிர் செய்வதாக எழுதியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பூண்டோ கேரட்டோ போட்டு வேறொருவர் அனுபவத்தில் இருந்தால், நிலத்தைக் கைக்கு வாங்குவது தனி வேலையாகிவிடும். வில்லங்கச் சான்றை முப்பது வருஷத்துக்குக் குறையாமல் போடுங்கள்.

கடைசியாக வழி. மலை நிலத்தில் பாதிச் சண்டை பாதைக்காக. நிலத்துக்குப் போகும் தடம் புலப்படத்தில் இருக்கிறதா, அல்லது பக்கத்துத் தோட்டக்காரர் தயவில் நடக்கிறதா? அவசியம் என்பதற்காக மட்டும் அடுத்தவர் நிலத்தில் வழி கேட்க முடியாது. இரண்டு நிலமும் முன்பு ஒரே கையில் இருந்து பிரிந்திருந்தால்தான் அந்த உரிமை எழும். நீங்கள் பக்கத்து நிலத்துக்காரர் என்பதால் இந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லாமல் போகலாம். வெளியூரிலிருந்து ஏலம் கேட்க வருபவரைவிட உங்களுக்குள்ள பெரிய சாதகம் அதுதான், விலை சொல்லும்போது மனதில் வையுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): ஏலத்தில் எடுத்தால் பழைய அடமானம், வங்கிக் கடன் எல்லாம் தானாகவே தீர்ந்துவிடும் என்று ஒரு தரகர் சொல்கிறார். உண்மையா?

பதில்: பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. அந்த நிலத்துக்கே உரிய நிலவரி பாக்கிக்காக விற்றால், 1864 வருவாய் வசூல் சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி எல்லா வில்லங்கமும் நீங்கித்தான் வாங்கியவர் கைக்கு வரும். தரகர் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் கிஸ்து எனும் நிலவரி ஏக்கருக்குச் சில ரூபாய். அதற்காக இன்று நிலம் ஏலம் போவது அரிது. நீங்கள் பார்க்கும் அறிவிப்புகளில் பெரும்பாலானவை வணிகவரி போன்ற வேறு பாக்கிகளை 'நிலவரி பாக்கி போலவே' வசூலிக்கும் 52-ஆம் பிரிவில் வருபவை. அப்படி விற்கும்போது உங்களுக்குக் கிடைப்பது பாக்கிதாரருக்கு அந்த நிலத்தில் என்ன உரிமை இருந்ததோ அது மட்டும். அடமானம் இருந்தால் அடமானத்தோடு, கூட்டுப் பட்டாவில் மூன்றில் ஒரு பங்கு என்றால் அந்தப் பங்கு மட்டும். பங்கை எடுத்தவர் பிறகு பாகப்பிரிவினை வழக்குப் போட்டுத்தான் தன் இடத்தைக் காண வேண்டும்.

ஆகவே அறிவிப்பைக் கையில் வாங்கியதும் முதலில் பாக்கியின் வகையைப் படியுங்கள். பிறகு வில்லங்கச் சான்றில் அடமானப் பதிவு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த வங்கியிலேயே நிலுவை எவ்வளவு என்று கேளுங்கள்.

வங்கிகள் வாராக்கடனுக்காக சர்ஃபேசி சட்டத்தில் விடும் ஏலம் வேறு. அங்கே முன்வைப்புத் தொகையையும் சேர்த்து 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும், மீதிக்குப் பொதுவாகப் பதினைந்து நாள். அந்த விதிகளை இதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கேள்வி (கூடலூர்): எங்கள் பக்கம் ஏலத்துக்கு வரும் நிலம் மிக மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஜென்மம் நிலம் (பழைய ஜென்மி எஸ்டேட்டைச் சேர்ந்த நிலம்) என்றால் வேண்டாம். 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1974 நவம்பர் 27-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்களின் உரிமைப் பிரச்சினை பல ஆயிரம் குடும்பங்களை இன்றும் தவிக்க வைத்திருக்கிறது. ஏலச் சான்றிதழ் அந்தப் பிரச்சினையைத் தீர்க்காது. மலிவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். ரயத்துவாரிப் பட்டா (அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் உரிமையாளருக்கான பட்டா) உள்ள நிலமா என்று தாலுகா அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் புல எண் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் விற்கவும் அடமானம் வைக்கவும்கூட அந்தச் சட்டப்படியான குழுவின் முன் அனுமதி வேண்டும். மசினகுடி, சீகூர் பக்கம் என்றால் யானை வழித்தட அறிவிக்கையில் வருகிறதா என்பதும் முக்கியம். 2010-இல் வந்த அந்த அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்துவிட்டது.

கேள்வி (பூம்பாறையைச் சேர்ந்தவர், இப்போது திருப்பூரில்): அப்பா பெயரில் உள்ள நிலத்தை அண்ணனின் வியாபாரப் பாக்கிக்காக ஜப்தி செய்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஏலம். தடுக்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, ஆனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஏலத்துக்கு முந்தைய நாள் சூரியன் மறைவதற்குள் பாக்கி, வட்டி, செலவு முழுவதையும் கட்ட முன்வந்தால் ஏலம் நிற்கும். மறுநாள் காலை கொண்டுவந்தால் அந்த உரிமை இல்லை. சட்டத்தில் பொழுது சாய்வதைத்தான் கெடுவாக வைத்திருக்கிறார்கள்.

பணம் புரளவில்லை என்றாலும் கதை முடியவில்லை. ஏலம் நடந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள், பாக்கியையும் செலவையும் கட்டி, ஏலம் எடுத்தவருக்கு அவருடைய விலையில் 5 சதவீதத்தையும் சேர்த்துக் கட்டினால் அதே 1864 சட்டத்தின் 37-அ பிரிவில் ஏலத்தை ரத்து செய்யலாம். 12 லட்சத்துக்குப் போயிருந்தால் அவருக்கு 60,000. முறைகேடு, தவறு, மோசடி என்று காட்டி 38-ஆம் பிரிவில் மனுப் போடவும் அதே முப்பது நாள்தான்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பாக்கி அண்ணனுடையது, நிலம் அப்பாவுடையது. அப்பா உயிரோடு இருந்து, அவர் அந்தக் கடனுக்கு ஜாமீன் நிற்கவில்லை என்றால் ஜப்தியே தவறு. அப்பா காலமாகி வாரிசுகளுக்கு வந்திருந்தால் அண்ணனின் பங்கை மட்டும்தான் விற்க முடியும். வாரிசுச் சான்று, பட்டா நகல் இரண்டையும் இணைத்துக் கோட்டாட்சியரிடம் ஆட்சேபணை மனுவை இன்றே நேரில் கொடுத்து, மனு பெற்றதற்குக் கையொப்பம் வாங்குங்கள். ஏலம் அடுத்த வாரம் என்பதால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தடை கேட்பதையும் சேர்த்தே செய்யுங்கள்.

கேள்வி (உதகை): ஏலத்தில் எடுத்துப் பணம் முழுவதும் கட்டிவிட்டேன். இனி என்ன? எப்போது வீடு கட்டலாம்?

பதில்: முப்பது நாள் கழிந்து, மனு எதுவும் நிலுவையில் இல்லை என்றால் விற்பனையை உறுதி செய்து உத்தரவு போடுவார்கள். அதன் பிறகே விற்பனைச் சான்றிதழ். வருவாய் அலுவலர் தரும் இந்தச் சான்றிதழுக்குப் பதிவுச் சட்டம் 17(2)(xii)-இன்படிக் கட்டாயப் பதிவு கிடையாது. அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் 89(4)-இன்படி முதல் புத்தகத்தில் கோர்க்கப்பட வேண்டும். நகல் போனதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். போகாவிட்டால் வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் வராது, பழைய உரிமையாளர் அதே நிலத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க இடம் இருக்கும்.

பிறகு பட்டா மாறுதல். முழுப் புல எண் என்றால் சுலபம், உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளந்த பிறகுதான். நகராட்சியிலும் பெயர் மாற்ற வேண்டும். பழைய சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் நிலுவையில் இருந்தால் அதைக் கேட்பார்கள். இடத்தில் யாராவது இருந்துகொண்டு வெளியேற மறுத்தால் நீங்களாகப் பூட்டை உடைக்காதீர்கள். சான்றிதழைக் காட்டி உரிமையியல் நீதிமன்றம் வழியாகக் கைப்பற்ற வழி இருக்கிறது.

வீடு கட்டுவதைப் பொறுத்தவரை கொஞ்சம் பொறுங்கள். பாதிக்கப்பட்டதாக நினைப்பவர் 1864 சட்டத்தின் 59-ஆம் பிரிவில் வழக்குப் போட ஆறு மாத அவகாசம் இருக்கிறது. அதுவரை வேலி போடுங்கள், வரி கட்டுங்கள், தடுப்புச் சுவர் எழுப்பிப் பெரிய பணத்தைப் புதைக்காதீர்கள். அந்த மாதங்களை அனுமதி வேலைக்குப் பயன்படுத்தலாம். விவசாய நிலத்தை மனையாக மாற்ற மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வரை போக வேண்டியிருக்கும். கட்டடத்தின் உயரம் 7 மீட்டருக்குள் அடங்க வேண்டும். சில்வர் ஓக்காக இருந்தாலும் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், பொக்லைன் இறக்கவும் தனி அனுமதி வேண்டும். ஏலம் எடுத்தவர் என்பதால் இவற்றில் எதிலும் விலக்கு கிடையாது. மனையாக மாற்ற அனுமதி மறுக்கப்பட்டால் இடம் தேயிலைக்கோ காய்கறிக்கோ மட்டும்தான் உதவும். அப்போதும் நீங்கள் கொடுத்த விலை கட்டுபடியாகுமா என்பதை வரைபடம் போடக் கொடுக்கும் முன்பே கணக்குப் பார்த்துவிடுங்கள்.