கோம்ப் பைண்டிங்: ஓட்டை நேராக விழுந்தால் மற்றதெல்லாம் சுலபம்

கேள்வி: வீட்டிலேயே சின்னப் புத்தகங்கள் செய்ய, தாள்களின் ஓரத்தில் ஓட்டை போட்டு, கோம்ப் என்ற பிளாஸ்டிக் வளையப் பட்டையில் கோத்துக் கட்டும், விலை குறைந்த கோம்ப் பைண்டிங் மெஷின் வாங்கினேன். ஓட்டைகள் முன்பின்னாக விழுகின்றன, ஓரத்து ஓட்டை கிழிந்துபோகிறது. கட்டி முடித்தால் பக்கம் புரட்டவும் வரவில்லை. ஏ5 அளவில் (ஏ4 தாளில் பாதி) இதிலேயே செய்யலாமா?

பதில்: மெஷினை மாற்ற வேண்டாம். ஓரம் கிழிவதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்குதான். ஏ4 தாளின் நீளப் பக்கம் 297 மி.மீ. அதில் 21 ஓட்டைகள் விழ வேண்டும். இரு முனையிலும் மிஞ்சுவது ஒன்றரை மி.மீ. அளவுதான். தாளின் முனை முட்டி நிற்கும் பக்கவாட்டுத் தடுப்பு கொஞ்சம் தள்ளியிருந்தாலே கடைசி ஓட்டை தாளின் விளிம்பை வெட்டிவிடும். வேண்டாத தாள் ஒன்றில் ஓட்டை போட்டு, மேல் முனையும் கீழ் முனையும் சேரும்படி குறுக்கே மடித்துப் பாருங்கள். ஓட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால் தடுப்பு சரியான இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், மலிவு மெஷின்களில் தடுப்பு தானாகவே நகரும்.

முன்பின்னாக விழுவது அவசரத்தால். மெஷின் பெட்டியில் ஒரு தடவைக்கு 12 தாள் என்று போட்டிருந்தால் அது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போன்ற சாதாரணத் தாளுக்கான உச்ச அளவு. நீங்கள் ஆறு, ஏழோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு தாள்கட்டையும் மேஜையில் தட்டி ஓரம் சமமாக்கி, உள்ளே கடைசிவரை தள்ளி, அப்புறம் கைப்பிடியை ஒரே சீராக அழுத்துங்கள். பிளாஸ்டிக் அட்டையைத் தனியாகப் போட்டால் வழுக்கும். இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்துப் போடுங்கள். துண்டுகள் சேரும் தட்டை அடிக்கடி காலி செய்யுங்கள். நிரம்பி வழிந்தால் மெஷின் சிக்கிக்கொள்ளும்.

புரட்ட வராததற்குக் காரணம் அநேகமாகக் கோம்ப் சிறியதாக இருப்பது. அட்டையோடு சேர்த்துக் கட்டின் தடிமனை அளந்து, அதைவிட இரண்டு மூன்று மி.மீ. பெரிய கோம்பை எடுங்கள். 6 மி.மீ. கோம்பில் சுமார் 20 தாள் போகும். ரொம்பப் பெரியதும் வேண்டாம், பக்கங்கள் உள்ளே ஆடும். ஓட்டையின் ஆழத்தை மாற்றும் வசதி இருந்தால், சிறிய கோம்புக்கு விளிம்பை ஒட்டியும் பெரியதற்குச் சற்று உள்ளேயும் வையுங்கள். வளையங்களைத் தாள் நுழையும் அளவுக்கு மட்டும் திறக்க வேண்டும். முழுக்க விரித்தால் பிளாஸ்டிக்கின் சுருளும் தன்மை போய், பிறகு சரியாக மூடாது.

அச்சிடும்போதே கட்டும் பக்கம் 2 செ.மீ. இடம் விடுங்கள். இரு பக்கமும் அச்சிட்டால் அந்த இடம் ஒற்றைப்படைப் பக்கத்தில் இடதும், இரட்டைப்படையில் வலதுமாக மாறி வர வேண்டும். எழுத்து ஓட்டைக்குள் போய்விட்டால் சரிசெய்ய வழியில்லை.

ஏ5 தாராளமாகச் செய்யலாம். நீளப் பக்கத்துக்கு 14 வளையம் போதும், ஏ4 கோம்பைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரே தொந்தரவு, விலை கூடிய மெஷின்களில் ஓட்டை போடும் பின்களில் வேண்டாததை இழுத்து ஒதுக்கலாம், உங்களுடையதில் அநேகமாக முடியாது. அதனால் 14 ஓட்டைகளைத் தாளின் நடுவில் கொண்டுவந்தால் முனையில் அரைகுறை ஓட்டை ஒன்று விழும். பிடிமானத்துக்கு அதனால் பாதிப்பில்லை. பார்க்க உறுத்தினால் தாளைச் சற்று நீளமாகவே வைத்து ஓட்டை போட்டுவிட்டு, அந்த முனையை வெட்டி எடுத்துவிடலாம்.