தகடு ஏன் சூடாகவில்லை? – கடிதம்

வணக்கம் சார்,

காங்கேயம் பக்கத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கொப்பரைக் களம் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் பருப்பில் பூஞ்சை வந்துவிடுகிறது. அதனால் நானும் தம்பியும் ஒரு டிரையர் செய்தோம். தேங்காய்த் தொட்டியை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, ஒரு இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் ஓடவிட்டு, ஃபேன் வைத்துக் காற்றைத் தள்ளுகிறோம். குழாயின் மேல் 10 செ.மீ. சதுரச் செம்புத் தகடுகளைத் துளை போட்டு 3 மி.மீ. இடைவெளியில் கோத்திருக்கிறோம். தகடு அரை மி.மீ. தடிமன். தண்ணீர் 85 டிகிரி இருக்கிறது, குழாயில் கை வைக்க முடியவில்லை, ஆனால் தகடு வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. இன்னும் தடிமனான செம்பு போடுவதா, நெருக்கமாக அடுக்குவதா? நுனி கூராகும் பாரபோலா வடிவம்தான் சிறந்தது என்று ஒரு பாடப்புத்தகத்தில் படித்தேன், அப்படி வெட்டிப் பார்க்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

செம்பை விடுங்கள். தடிமனையும் விடுங்கள். குழாய் சுடுகிறது, தகடு சுடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, நோய் என்ன என்பதை அந்த ஒரு வரியிலேயே சொல்லிவிட்டீர்கள். குழாயிலிருந்து தகட்டுக்கு வெப்பம் ஏறவே இல்லை.

நீங்கள் போட்ட துளையின் விளிம்பு மட்டும்தான் குழாயைத் தொடுகிறது. அரை மில்லிமீட்டர் விளிம்பு, குழாயின் வெளிவிட்டம் சுமார் 33.7 மி.மீ., பெருக்கிப் பார்த்தால் ஒரு தகட்டுக்குத் தொடும் பரப்பு 53 சதுர மி.மீ., அதாவது ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அந்தப் பொத்தான் வழியாகத்தான் இரண்டு பக்கமும் சேர்ந்து 18,000 சதுர மி.மீ. உள்ள தகடு தன் வெப்பத்தை வாங்கியாக வேண்டும். அதிலும் கோப்பதற்கு வசதியாகத் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருப்பீர்கள். பத்தில் ஒரு மி.மீ. காற்று இடைவெளி சுற்றிலும் இருந்தால், மிதமான ஃபேன் காற்றுக்கு நான் போட்ட கணக்கில், இணைப்பு கச்சிதமாக இருந்தால் தகடு தரக்கூடிய வெப்பத்தில் நூற்றுக்கு மூன்றுதான் வருகிறது. ஒரு மி.மீ. தடிமனில் தங்கத் தகடே போட்டாலும் பெரிய மாற்றம் இராது.

ஏசி காயில், அதாவது ஏசிக்குள் தகடுகள் கோத்த குழாய் அடுக்கு, செய்யும் ஒரு தொழிற்சாலையில் சில வருடம் இருந்தேன். அங்கே ஃபின் (குழாயில் கோக்கும் தகட்டுக்கு அதுதான் பெயர்) என்பது சுமார் 0.1 மி.மீ. அலுமினியம், ஊதினால் வளையும். இவ்வளவு மெல்லிசு எப்படி வேலை செய்கிறது என்று முதல் நாள் எனக்கும் ஆச்சரியம்தான். ரகசியம் டையில், அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சில் இருக்கிறது. அழுத்தும் பிரஸ்ஸில் தகடு நகர நகர, ஒவ்வொரு துளையின் விளிம்பையும் இழுத்து நிமிர்த்தி ஒரு குட்டிக் கழுத்தாக ஆக்கிவிடுவார்கள். காலர் என்று பெயர். இந்தக் காலர் குழாயைத் தழுவிக்கொள்ளும். அதன் உயரமே அடுத்த ஃபின் எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடும், தனியாக வாஷர் எதுவும் தேவையில்லை. கோத்து முடித்ததும் செம்புக் குழாய்க்குள் புல்லட் என்று ஒரு உருண்டை முனையைத் தள்ளிக் குழாயையே உப்ப வைப்பார்கள், அப்போது அது காலரைக் கவ்விக்கொள்ளும். ஒருமுறை அந்தப் புல்லட் தேய்ந்து போனதை யாரும் கவனிக்கவில்லை. காயில்கள் பளபளவென்று வந்தன, லீக் டெஸ்ட்டில் எல்லாமே பாஸ் (குழாயில் ஓட்டை இல்லையே, ஏன் ஃபெயில் ஆகப்போகிறது?), ஆனால் குளிர்ச்சி மட்டும் குறைந்தது. இரண்டு நாள் கேஸையும் கம்ப்ரசரையும் திட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் லைனில் நின்ற ஒரு பெரியவர் வந்து ஓரத்து ஃபின்னை விரலால் தள்ளிக் காட்டினார், அது குழாயின் மேல் வழுக்கிக்கொண்டு போனது.

சரி, உங்களுக்கு வருவோம். அரை மி.மீ. மென்மையான அலுமினியத் தகடு வாங்குங்கள். அலுமினியம் செம்பைவிடக் குறைவாகக் கடத்தும் என்பது உண்மைதான். இணைப்பு சரியாக இருந்தால் உங்கள் 10 செ.மீ. அளவுக்குச் செம்பின் திறன் (தகடு முழுதும் குழாய் அளவுக்கே சுட்டால் தரும் வெப்பத்தில் எவ்வளவு என்பது) 77 சதவீதம், அலுமினியத்துக்கு 64 என்று வருகிறது. ஆனால் சதுரத்தை 7 செ.மீ. ஆகக் குறைத்தால் அலுமினியமே 86-க்குப் போய்விடும், ஏனென்றால் வெளி ஓரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் சூடு தீர்ந்துவிடுகிறது, அங்கே இருக்கும் உலோகம் பாதிச் சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறது. தகடுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள். செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், விலையை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், ஈரக் காற்றில் செம்பும் துத்தநாகப் பூச்சும் ஒட்டி இருந்தால் பூச்சுதான் முதலில் கரையும்.

லேத் பட்டறையில் ஒரு பஞ்ச்சும் (துளைக்குள் அழுத்தும் முனை) டையும் செய்யச் சொல்லுங்கள். முதலில் 26 மி.மீ. துளை. அதன் ஓரத்துப் பிசிறை அரத்தால் நன்றாக எடுத்துவிடுங்கள், பிசிறு இருந்தால் காலர் அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும். பிறகு பஞ்ச்சை அழுத்தினால் ஏறக்குறைய 4 மி.மீ. உயரக் காலர் எழும். தொடும் பரப்பு எட்டு மடங்கு, இடைவெளியும் 4 மி.மீ. கொப்பரைத் தூசிக்கு அதைவிட நெருக்கம் வேண்டாம், அடைத்துக்கொண்டால் ஃபேன் சும்மா சுற்றும்.

காலரின் உள்விட்டம் குழாயைவிட 0.1 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். எப்படி நுழைப்பது என்று கேட்பீர்கள். தகட்டை 200 டிகிரிக்குச் சூடாக்கினால் துளை 0.14 மி.மீ. விரியும், தள்ளிவிட்டால் ஆறும்போது தானே கவ்வும். விரிவு கொஞ்சம்தான், அதனால் கையை வேகமாக ஓட்ட வேண்டும். வேலை செய்யும்போது அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரிந்து 0.02 மி.மீ. தளரும், அது போனாலும் பிடி மிச்சம் இருக்கும். ஜிஐ குழாய் எங்கேயும் ஒரே வட்டமாக இருக்காது, வெல்டிங் கோடு வேறு இருக்கும். எமரி போட்டுத் தேய்த்து, பல இடத்தில் வெர்னியர் வைத்து அளந்த பிறகு பஞ்ச் அளவைச் சொல்லுங்கள்.

பாரபோலா விஷயம்: எர்ன்ஸ்ட் ஷ்மிட் என்ற ஜெர்மன் பொறியாளர் 1926-லேயே சொன்னது, குறைந்த உலோகத்தில் அதிக வெப்பம் என்றால் அந்த வடிவம்தான். கணக்கு சரி. அதன் நுனியோ கத்தி மாதிரி மெலிந்து போகும், தகட்டை வெட்டி அதைக் கொண்டுவர முடியாது, நானும் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை.

இவ்வளவும் வேண்டாம் என்றால் உங்கள் ஊர் அரிசி ஆலைகளில் நெல் டிரையருக்கு நீராவி ரேடியேட்டர் வைத்திருப்பார்கள், பழசு கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அதிலும் ஃபின்னை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

முதலில் பத்தே பத்துத் தகடு செய்து கோத்து, சுடுதண்ணீர் விட்டுத் தொட்டுப் பாருங்கள். செம்பைப் பழைய விலைக்குப் போட்டால் டைச் செலவு வந்துவிடும் என்று நினைக்கிறேன். குழாயின் அளவுகளை எழுதி அனுப்பினால் பஞ்ச்சுக்குப் படம் போட்டுத் தருகிறேன்.