கேரியைப் பார்த்துச் சிரித்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்டீபன் கிங்கின் ‘கேரி’ நாவலை வாசித்த பிறகு, பிரையன் டி பால்மா 1976இல் எடுத்த படத்தைப் பார்த்தேன். நாவலில், சக மாணவர்களின் கேலிக்கு ஆளாகும் பள்ளி மாணவி கேரி தன் மன ஆற்றலால் ஊரையே அழிக்கிறாள். படத்தில் அழிவு பெரும்பாலும் பள்ளி அரங்கத்தோடு நின்றுவிடுகிறது. பணப் பற்றாக்குறைதான் காரணமா? 2013இல் வந்த மறுஆக்கத்தைப் பார்க்கலாமா? பள்ளி நடன விழாவில் பன்றி ரத்தம் தலையில் கொட்டப்பட்டபின், உள்ளே இருப்பவர்களைக் கொல்ல அவள் அரங்கக் கதவுகளை அடைத்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

எம்.

அன்புள்ள எம்.,

பணமும் ஒரு காரணமாக இருக்கலாம். 2013ஆம் ஆண்டுப் படத்தை நேரமிருந்தால் பாருங்கள். உங்கள் கடைசி வரிக்காகவே இதை எழுதுகிறேன். அந்தக் காட்சி சில நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை.

யாருடைய சாவுக்குக் கைதட்டத் தோன்றியது? படத்தில் அந்த அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சிரிக்கவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கேரியோடு படிக்கும் நார்மா சிரிக்கிறாள், மற்றவர்கள் திகைத்து நிற்கிறார்கள். ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று அம்மா எச்சரித்தது கேரியின் காதில் ஒலிக்க, காட்சி கலைடாஸ்கோப்பில் தெரிவதுபோலச் சிதறிச் சுழல்கிறது. அவளுக்காகப் பரிந்து நின்ற உடற்பயிற்சி ஆசிரியையும் வாய்விட்டுச் சிரிப்பதாக அவளுக்குத் தெரிகிறது. கேரியாக நடித்த சிஸ்ஸி ஸ்பேசெக்கின் இமைக்காத கண்களை என்னால் மறக்க முடியாது. ஆனாலும் டி பால்மா அந்தச் சிரிப்பை ஒரு பெண்ணின் மனமயக்கமாக ஆக்கிவிட்டார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நாவலில் அவர்கள் உண்மையாகவே சிரித்தார்கள். செய்தித்தாள் துணுக்குகள், விசாரணை ஆணையப் பதிவுகள், உயிர் தப்பியவர்களின் நினைவுக்குறிப்புகள் என்று துண்டு துண்டாக நகரும் நூல் அது. அதில் நார்மாவே பிற்பாடு, தாங்கள் ஏன் சிரித்தோம் என்று எழுதுகிறாள். சிரிக்காமல் இருந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும் என்பது அவள் சொல்லும் சமாதானம்.

எழுத்துக்கலை பற்றி 2000இல் வெளியிட்ட நூலில், கிங் தன் பள்ளிக்காலத்துப் பெண் ஒருத்தியை நினைவுகூர்கிறார். அவள் ஒரே பாவாடையையும் ஒரே வெள்ளைச் சட்டையையும், வெள்ளை மஞ்சளாகும்வரை, நாள்தோறும் உடுத்தி வந்தவள். ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு புதுத் துணியும் சுருட்டிவிட்ட முடியுமாக வந்தாள். கேலி நிற்கவில்லை, கூடியது. 1974இல் வெளியான ‘கேரி’யை அவர் எழுதத் தொடங்கும் முன்பே அவள் இறந்துவிட்டாள். கேரி தன் கையால் தைத்த உடையோடு நடனத்துக்குப் போகும் பக்கங்களை இதை அறிந்துகொண்டு படியுங்கள். ஆற்றல், பழிவாங்கல் என்று மட்டும் பார்த்தால் அந்தப் பெண்ணைத் தவறவிட்டுவிடுவீர்கள், எம்.

படத்தில் அந்த ஆசிரியை கூடைப்பந்துப் பலகை மேலே விழுந்து சாகிறார். நாவலில் அவருடைய இடத்தில் இருக்கும் மிஸ் டெஸ்ஜார்டின் பிழைத்துக்கொள்கிறார். இனி ஒருபோதும் பாடம் நடத்த மாட்டேன் என்று பள்ளி முதல்வருக்குக் கடிதம் எழுதிவிட்டு வேலையை விடுகிறார். நடந்ததைச் சுமந்துகொண்டு வாழ்வதற்கென்று கிங் சிலரை உயிரோடு விட்டுவைத்தார். டி பால்மா அந்த அரங்கிலிருந்து ஏறக்குறைய யாரையும் மிச்சம் வைக்கவில்லை. இதற்குப் பணப் பற்றாக்குறையைக் காரணம் சொல்ல முடியாது.