கறுப்பில் என்ன ஆடுவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோவையில் வேலை பார்க்கிறேன். வயது 34. வார இறுதிகளில் செஸ் ரேட்டிங் போட்டிகளுக்குப் போவேன். வெள்ளைக் காய் வந்தால் சமாளித்துவிடுவேன். யாருக்கு யார், எந்தக் காய் என்று போடும் பேரிங்கில் கறுப்பு என்று பார்த்ததுமே மனசு விட்டுப்போகிறது. கறுப்புக்கான ஓப்பனிங்காக, அதாவது ஆட்டத்தின் தொடக்க வழியாக, முதலில் சிசிலியன் நைடார்ஃப் ஆடினேன். எதிராளிகள் மனப்பாடம் செய்துவந்து அடித்தார்கள். பிறகு காரோ-கான். அதிலும் தோற்று, இப்போது ஸ்காண்டிநேவியன். பிரெஞ்சு ஆடலாமா என்றால் நண்பர்கள் அது பழைய காலத்து ஆட்டம் என்கிறார்கள். ஆட்டத்தைக் கணிக்கும் கணினி இன்ஜினோ எதை ஆடினாலும் வெள்ளைக்குச் சாதகம் என்றே காட்டுகிறது. வெள்ளை முதலில் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும் ஈ4-க்கும், ராணியின் முன்னுள்ள சிப்பாயைத் தள்ளும் டி4-க்கும் நான் எதை எடுத்துக்கொள்வது? எந்த வீடியோ பாடத்தை வாங்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

சமீபத்தில் ஒரு சிறுவர் போட்டியை வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பேரிங் ஒட்டிய பலகையின் முன்னால் கறுப்பு என்று தெரிந்ததும் பல பிள்ளைகளின் முகம் வாடியது. காயைத் தொடுவதற்கு முன்பே இந்தப் பயத்தை அவர்களுக்கு ஊட்டியது யார் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் அந்த நேரத்தில் வந்தது.

வீடியோ பாடம் எதையும் வாங்காதீர்கள். இன்ஜின் காட்டும் அந்தப் பூஜ்யம் புள்ளி மூன்று சிப்பாய்ச் சாதகம் உங்களுக்கும் உங்கள் எதிராளிக்கும் சம்பந்தமில்லாதது. அதையும் விடுங்கள்.

மனசு விட்டுப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியாது. 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் ரஷ்யாவின் கிராம்னிக்குடன் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ஆனந்த் மூன்றாவது ஆட்டத்தைக் கறுப்பில் வென்றார். ஐந்தாவது ஆட்டத்தில், மறுபடியும் கறுப்பில், அதே மெரான் என்ற ஓப்பனிங்கை எடுத்து மறுபடியும் வென்றார். 2010-இல் பல்கேரியாவின் சோஃபியாவில் டோபலோவுடன் பதினோரு ஆட்டம் முடிந்து ஆளுக்கு ஐந்தரைப் புள்ளி. கடைசி ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்பு. லாஸ்கர் தற்காப்பு என்ற மிகப் பழைய, அமைதியான வழியை எடுத்தார். டோபலோவ் டிராவுக்கு மனசில்லாமல் இழுத்து, தன் ராஜாவுக்கு எதிரான மூலைவிட்டத்தைத் தானே திறந்துவிட்டார். பட்டம் அங்கே முடிவானது. 2024 சிங்கப்பூரில் பதினான்காவது ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரனை வென்று பதினெட்டு வயதில் உலக சாம்பியனான குகேஷுக்கும் அன்று கறுப்புதான். இதெல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகள் செய்தது. இதற்கு மேல் எந்த முகத்தோடு கறுப்பு வந்துவிட்டது என்று வருத்தப்படுகிறீர்கள்?

ஆனந்த் மட்டும் ஓப்பனிங்கை மாற்றவில்லையா என்பீர்கள். மாற்றினார். அவருக்குப் பின்னால் நீல்சன், காசிம்ஜானோவ், வொய்தாஷேக், கங்குலி என்று நான்கு கிராண்ட்மாஸ்டர்கள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அதோடு, எந்த மாதிரிச் சிப்பாய் அமைப்பு வந்தாலும் அதில் என்ன செய்வது என்பது அவருக்கு இளமையிலேயே கைவந்திருந்தது. உங்களுக்கு ஒன்றுகூட வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆதாரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

காரோ-கானில் தோற்றதால் ஸ்காண்டிநேவியனுக்குப் போனேன் என்கிறீர்கள். இரண்டின் முக்கிய வழிகளையும் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் வரை ஆடி, பலகையில் சிப்பாய்களை மட்டும் வைத்துப் பாருங்கள். கறுப்புச் சிப்பாய்கள் சி6, ஈ6 கட்டங்களில். டி வரிசைச் சிப்பாய் போய்விட்டது. வெள்ளைக்கு டி4. ஈ வரிசைச் சிப்பாய் இல்லை. பிஷப் எஃப்5-க்கு வந்தாயிற்று. கிட்டத்தட்ட ஒரே நிலை! வெள்ளைக்குக் கொஞ்சம் இடம் அதிகம், அதன் குதிரை ஈ5-க்கு வரப் பார்க்கும். நீங்கள் டி4-ஐ அழுத்தி, நேரம் பார்த்து சி5 தள்ள வேண்டும். அங்கே அதைச் செய்யத் தெரியாமல் தோற்ற நீங்கள் இங்கே வந்தும் அதே இடத்தில்தான் தோற்றிருப்பீர்கள். இரண்டும் ஒன்று என்பதே கண்ணில் படாத அளவுக்கு அவசரம். முதல் பத்து நகர்த்தலைத் தாண்டி நீங்கள் எதையும் பார்ப்பதே இல்லை.

திருச்சியில் நான் விளையாடப் போன மன்றத்துக்குத் தபால் துறைப் பெரியவர் ஒருவர் வருவார். ஈ4-க்கு அவரிடம் ஒரே பதில்: ஈ6. பிரெஞ்சு. வெள்ளை ஈ5 தள்ளியதும் சி8-இல் இருக்கும் பிஷப் தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே அடைபட்டுவிடும். பிரெஞ்சு ஆடுகிறவனின் ஆயுள் கஷ்டம் அது. நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். அவர் பி6 ஆடி, அந்த பிஷப்பை ஏ6-க்குக் கொண்டுவந்து வெள்ளையின் நல்ல பிஷப்போடு மாற்றிவிட்டுத் தலைநிமிர்ந்து பார்ப்பார். அது முடியாத நாளில் டி7 வழியாக பி5. அதற்கும் வழியில்லை என்றால் எஃப்6 தள்ளி நடுப்பலகையை உடைப்பார். சி5, குதிரை சி6, ராணி பி6 என்று டி4 மேல் அவர் ஏற்றுகிற பாரம் இருக்கிறதே, அதில் மாவட்ட அளவில் ஆடிய பையன்கள் வேர்த்துப்போவார்கள். அவர் புத்தகம் அதிகம் படித்தவர் இல்லை. கரண்ட் போன வீட்டில் தடவாமலே தீப்பெட்டியை எடுக்கிறவர் மாதிரி, அந்த நிலைகளுக்குள் நடமாடினார். தோற்றால் மறுநாளும் ஈ6தான். எந்த இடத்தில் தவறினேன் என்று மட்டும் கேட்பார், எங்களைப் போன்ற பொடியன்களிடம்கூட. அவரிடம் கற்ற பொறுமையை நான் வேறு எங்கும் கற்கவில்லை.

பழைய காலத்து ஆட்டமாம். குகேஷுக்கு எதிராக அதே சிங்கப்பூரில் முதல் ஆட்டத்தில் டிங் லிரன் கறுப்பில் எதை ஆடி வென்றார் என்று அந்த நண்பர்களிடம் கேளுங்கள். பிரெஞ்சு.

சரி, உங்கள் கேள்வி. காரோ-கானுக்கே திரும்புங்கள். டி4-க்கு ஸ்லாவ் தற்காப்பு. இரண்டிலும் சி6, டி5தான் அடித்தளம், ஒன்றில் கற்பது மற்றதில் உதவும். பிரெஞ்சுதான் பிடித்திருக்கிறது என்றால் அதோடு டி4-க்கு குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்டு, ஈ6, டி5. எதை எடுத்தாலும் இரண்டு வருஷத்துக்கு மாற்றக் கூடாது. நைடார்ஃப் இப்போதைக்கு வேண்டாம்.

கறுப்பில் கடைசியாகத் தோற்ற ஐந்து ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டை எனக்கு அனுப்புங்கள். இன்ஜினைத் திறக்காமல், பதினைந்தாவது நகர்த்தலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அப்போது என்ன நினைத்தீர்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும். முதல் பதினான்கைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம்.